ஐந்நூறு யூனிட்டுக்கு அந்தப் பக்கம்

1

அக்காவின் ஊரான குத்துக்கல்வலசையைப் பின்னால் விட்டு, தென்காசியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஓர் அட்டைப் பெட்டி, அதற்குள் கரண்ட் அடுப்பு. சாரல் விழுந்துகொண்டிருந்ததால் சட்டையைக் கழற்றிப் பெட்டியின் மேல் போட்டிருந்தேன். பனியனோடு நடக்கிற ஆளைத் தென்காசிப் பக்கம் யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. சட்டை போட்ட பெட்டியைத்தான் பார்த்தார்கள்.

டீக்கடை வாசலில் நின்ற ஒருவர் கேட்டேவிட்டார். "என்னவே, பெட்டிக்குச் சளி பிடிச்சிருமோ?"

"ஆமா அண்ணாச்சி. சீமைப் பெட்டி, உடம்புக்கு ஆகாது."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருஷம் கழித்து ஆறு வார லீவில் வந்திருந்தேன். அன்றைக்குப் பத்தாவது நாள். என் கூடப்பிறந்த அக்கா பேச்சியம்மாள், அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அந்தப் பெட்டியை என் கையில் திணித்து, "இதைக் கொண்டு போயிரு. எங்கன வேணும்னாலும் கொண்டு போ" என்று சொல்லியிருந்தாள். அத்தான் மொபெட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். "பெட்ரோல் சும்மாவா வருது?" என்று அக்கா அவரையும் உட்காரவைத்துவிட்டாள். நான் நடந்தேன்.

அந்த அடுப்பு நான் வாங்கிக் கொடுத்தது.

2

அக்கா இடியாப்பம் அவித்து விற்கிறாள். வீட்டில் அவித்துத் தூக்குச் சட்டிகளில் அடுக்கினால், அத்தான் விடிந்ததும் குற்றாலத்துக்குக் கொண்டுபோவார். அருவிக்குப் போகிற வழியில் தங்கையா அண்ணாச்சி என்பவர் சின்னதாய் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். சாதாரண நாளில் இருநூறு இடியாப்பம் அவர் கடைக்கு. சீசன் வந்தால் கூடும். கனகாவின் கடைசி வருஷக் காலேஜ் கட்டணம் இந்தச் சீசனில்தான் வர வேண்டும். கனகா அக்காவின் ஒரே மகள்.

இடியாப்பம் என்றால் ஆவி. ஆவி என்றால் அடுப்பு எரிய வேண்டும். மாவு விலை ஏறினால் இடியாப்பத்தைக் கொஞ்சம் மெலிசாகப் பிழியலாம், அடுப்பை மெலிசாக எரிக்க முடியாது. வீட்டு சிலிண்டரை வியாபாரத்துக்கு வைத்தால் பிடிப்பார்கள். கடைக்கென்று வாங்குகிற சிலிண்டரோ அக்காவுக்குக் கட்டுப்படியாகாத விலைக்குப் போய்விட்டது. விறகில் அவிக்கலாம் என்றால், எந்தச் சாரல் சீசனைக் கொண்டுவருகிறதோ அதே சாரல் விறகையும் நனைத்துவிடுகிறது.

போனில் அக்கா இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே நான் இங்கிலாந்திலிருந்து ஆன்லைனில் கரண்ட் அடுப்பு அனுப்பிவிட்டேன். இரண்டு பர்னர். பெரிய காரியம் செய்த மாதிரி இருந்தது. ஊரை விட்டு வருஷக்கணக்காகி விட்டவன் செய்யக்கூடிய தப்பு அது. மீட்டரைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருவார்கள். ஐந்நூறு யூனிட்டுக்குள் நின்றால் ஒரு கணக்கு. தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. முன்னால் எரித்ததற்கும் சேர்த்து வேறு விலை. ஒரே ஒரு யூனிட் அந்தப் பக்கம் போனாலும் அதுதான். ஊரில் இருக்கிற எல்லாப் பொம்பிளைகளுக்கும் இது தெரியும். ரீடிங் வருகிற வாரம் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, மாவரைக்க ஆட்டுரலைத் தேடுகிற வீடுகள் அந்தத் தெருவிலேயே நாலைந்து உண்டு.

அக்கா அதைவிடக் கெட்டிக்காரி. காலையிலும் சாயந்தரமும் டார்ச் அடித்து மீட்டரைப் பார்த்துவிட்டு வருவாள். ஒரு நாளைக்கு எட்டு யூனிட், அதுதான் அவளுடைய கோடு. ஆறு ஈடு கரண்ட் அடுப்பில், அதற்கு மேல் வந்தால் விறகில். போன ரீடிங்கிலிருந்து ஐம்பது நாளும் அந்தக் கோட்டிலேயே நின்றிருக்கிறாள்.

ஐம்பதாவது நாள் நான் வந்து இறங்கினேன்.

3

நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே ஒரு ஊர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். புனலூரில் டீக்கடை, பம்பாயில் கேன்டீன், குவைத்தில் ஒரு வீட்டுச் சமையல் என்று சுற்றி, கடைசியில் ஒரு இந்தியச் சாப்பாட்டுக் கடையின் சமையல்கட்டில் வந்து நின்றேன். கடைக்கு எதிரே ஒரு மாடி அறை. அறையில் ஒரு ஹீட்டர். ஹீட்டருக்கு ஒரு மீட்டர். அந்த மீட்டருக்கு ஒரு சாவி.

இங்கே ஏழைகளுக்குச் சாவி மீட்டர்தான். சாவியைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பணம் ஏற்றி, திரும்ப வந்து சொருக வேண்டும். தீர்ந்தால் விளக்கோடு சேர்ந்து எல்லாம் அணையும். எங்கள் முக்குக் கடை யாழ்ப்பாணத்துக்காரருடையது. என்னைக் கண்டதும், "தம்பி, இண்டைக்கும் அஞ்சு பவுண்தானோ?" என்பார்.

"அஞ்சுதாண்ணே."

"பத்துப் போட்டால் மீற்றர் வெடிக்காது, தம்பி."

விலை ஏறிய பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். வேலை முடிந்தாலும் சமையல்கட்டிலேயே இருந்து பாத்திரம் துலக்கிக் கொடுப்பேன். அங்கே சூடு சும்மா கிடைக்கும். அறைக்கு வந்தால் கோட்டோடு போர்வைக்குள் போய்விடுவேன். ஹீட்டரைத் தொடுவதில்லை. மிச்சமானதை ஊருக்கு அனுப்புவேன். இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. என் தெருவில் பாதிப்பேர் அப்படித்தான் இருந்தார்கள், வெள்ளைக்காரர்களும்கூட. பக்கத்து அறைக் கிழவர் பகல் முழுக்க நூலகத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் பேப்பரை விரித்து வைத்திருப்பாரே தவிர ஒரு பக்கம்கூடத் திருப்ப மாட்டார்.

ஒரு நாள் வீடியோ காலில் கனகா கேட்டாள். "மாமா, உங்க வாயிலேர்ந்து புகை வருது. சிகரெட் குடிக்கீங்களா?"

மூச்சுதான் புகையாக வந்துகொண்டிருந்தது. அறைக்குள் அவ்வளவு குளிர். நான், "ஆமாட்டி, எப்பவாவது" என்று சொல்லிவிட்டேன். அக்கா போனைப் பிடுங்கிக் கால் மணி நேரம் ஏசினாள். அப்பா எதனால் செத்தார் என்பதையெல்லாம் சொல்லி ஏசினாள். வாங்கிக்கொண்டேன். குளிர்கிறது என்று சொல்வதைவிட அது எனக்கு லேசாக இருந்தது.

4

ஊருக்கு வந்ததும் எனக்குப் பவுசு வந்துவிட்டது. காலையில் வெந்நீர். சாயந்தரம் ஒரு தடவை வெந்நீர். நானே கரண்ட் அடுப்பில் பெரிய பாத்திரத்தை ஏற்றிவிடுவேன். நான் வாங்கிக் கொடுத்த அடுப்புதானே என்ற நினைப்பு. குற்றாலத்துக்கு எங்கிருந்தெல்லாமோ வண்டி கட்டிக்கொண்டு வந்து ஜில்லென்ற தண்ணீரில் தலையைக் கொடுக்கிறார்கள். பக்கத்திலேயே பிறந்தவன் வெந்நீர் போட்டுக் குளித்தேன். டிவியும் காத்தாடியும் வேறு. அக்கா இரண்டு தடவை அடுப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. விருந்தாளியாக வந்த தம்பியிடம் வெந்நீர் போடாதே என்று எப்படிச் சொல்வாள்?

பத்தாம் நாள் காலையில் ரீடிங் எடுக்கிறவர் வந்தார். வெள்ளை அட்டையில் எழுதிவிட்டு, "தாண்டிருச்சேம்மா" என்றார்.

ஐந்நூற்று இருபத்தொன்று.

அக்கா அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணாச்சி, நல்லாப் பாருங்க."

"நான் என்னம்மா செய்ய? அது காட்டுததத்தானே எழுத முடியும்."

அவர் போன பிறகு நான் இரண்டாவது தப்பைச் செய்தேன். "எவ்வளவு வருதோ நான் கட்டுதேன்க்கா. இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்குத?" என்று பர்ஸை எடுத்தேன்.

அக்கா பர்ஸைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். "ஏலே சுடலை, நீ பீடி சிகரெட் குடிப்பியோ?"

"இப்ப எதுக்குக்கா அது?"

"பத்து நாளாப் பாக்கேன். உன் கையில ஒண்ணக் காணும், உன் சட்டையில வாடையக் காணும். அன்னைக்கு உன் வாயில வந்தது என்ன புகைலே?"

நான் பர்ஸை மடக்கிப் பாக்கெட்டில் வைத்தேன்.

"வீடியோல பாத்தேன், வீட்டுக்குள்ள எதுக்குலே கோட்டு? நான் படிக்காதவதான், கண்ணு தெரியாதவ இல்ல. நீ அங்கன குளுருல வெறச்சு மிச்சம் பிடிச்ச காசுல எனக்கு அடுப்பு, நான் அதுல மத்தவங்களுக்குச் சூடா அவிச்சுக் குடுக்கணும். எனக்கு அது வேண்டாம். உன் காசும் வேண்டாம்."

"யக்கா…"

"வெள்ளிக்கிழமையிலேர்ந்து நானூறு வேணும்னு தங்கையா அண்ணாச்சி கேக்காவ. நாளைக்குள்ள பதில் சொல்லணும். இல்லன்னா இலஞ்சிக்காரிக்குக் குடுத்துருவாவ. எதை வச்சு அவிப்பேன்? இந்த அடுப்ப வச்சா அடுத்த ரீடிங்கும் அந்தப் பக்கம்தான் போவும். போட்டும். முடியாத வேலைய முடியாதுன்னு சொல்லிட்டுப் போறேன். நீ இதக் கொண்டு போ."

அப்போதுதான் பெட்டி என் கைக்கு வந்தது. இருநூறைத் தாண்ட முடியாவிட்டால் தங்கையா அண்ணாச்சி மொத்த வேலையையும் இன்னொருத்தியிடம் கொடுப்பார் என்பது எனக்குத் தெரியும். இரண்டு இடத்தில் வாங்குகிறவர் இல்லை அவர். போனால் சீசன் போகும், சீசனோடு கனகாவின் கட்டணமும்.

5

தென்காசியில் ஒரு பாத்திரக் கடையில் அடுப்பை எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். கடைக்காரர், "இந்த மாசம் நீங்க நாலாவது ஆளு. ரீடிங் முடிஞ்ச வாரம் இதுக்கு ஒரு சந்தையே போடலாம்" என்று சொல்லிவிட்டார். அப்படியே பஸ் ஏறிக் குற்றாலம் போனேன்.

தங்கையா அண்ணாச்சி கல்லாவில் இருந்தார். நான் இன்னார் என்று சொன்னதும் ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார்.

"உங்க அக்கா இடியாப்பம் மாதிரி யாரு அவிப்பா? எனக்கு மட்டும் மாத்தணும்னு ஆசையாவே? ஆனா சீசன்ல ஆளு வந்து உக்காந்து இல்லன்னு சொன்னா, அடுத்த வருசம் பக்கத்துக் கடைக்குல்லா போவான்?" அவர் கடையிலும் தோசைக்கல் ஒன்றுதான் எரிந்தது. மற்றதைக் கவிழ்த்து வைத்திருந்தார். "ரெண்டு கல்லு போட்ட கடைவே இது. இப்ப சிலிண்டர மாத்தும்போது எனக்குப் பிரசவ வலி மாதிரி வருது. குத்தாலத்துல இன்னைக்கும் விலை ஏறாதது அந்தத் தண்ணி ஒண்ணுதான்."

"நாளைக்கு ஒரு நாள் பொறுங்க அண்ணாச்சி."

"காலைல இடியாப்பம் கொண்டு வரும்போது உங்க அத்தான் வாயால ஒரு வார்த்த. ஆமான்னா ஆமா. இல்லன்னா இலஞ்சி."

பெட்டியை அவர் கடையில் வைத்துவிட்டு அருவிக்குப் போனேன். பத்து நாளில் முதல் தடவை. தண்ணீர் தோளில் அடித்தபோது உடம்பு பதறிப்போய், பிறகு பழகியது. கரைக்கு வந்து துவட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று புரிந்தது. அக்கா என் காசைத்தான் வேண்டாம் என்றாள். என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கிருந்தே நேரே இலத்தூர் போகிற வழியிலுள்ள மர அறுவை மில்லுக்குப் போனேன்.

புனலூர் டீக்கடையில் நான் பார்த்த வேலை மரத்தூள் அடுப்பை நிரப்புவது. பழைய எண்ணெய் டின்னில் கீழே ஓர் ஓட்டை. நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, ஓட்டை வழியாக ஒரு கம்பைச் செருகி, சுற்றிலும் தூளைப் போட்டுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். பிறகு பாட்டிலையும் கம்பையும் திருகி உருவினால் நடுவில் சுரங்கம் மாதிரி வழி நிற்கும். கீழே சின்னதாய் நெருப்பைக் காட்டினால் மூன்று மணி நேரம் ஒரே சீராக நின்று எரியும். ஆவிக்கு அது போதும். தூள் மட்டும் காய்ந்ததாக இருக்க வேண்டும். மில் கூரைக்குக் கீழே கிடக்கிற தூள் எந்தச் சாரலிலும் நனைவதில்லை.

மில்லை மேற்பார்க்கிறவர் காதர் பாய். நான் கேட்டதும் தலையை ஆட்டினார்.

"முன்ன மாதிரி இல்ல தம்பி. அப்பல்லாம் தூள யாராவது அள்ளிட்டுப் போனா நாங்க துவா செய்வோம். இப்பம் ஃபேக்டரிக்காரன் லாரி அனுப்புதான். அமுக்கிக் கட்டையாக்கி பாய்லர்ல எரிக்கான். ஒரு தூள் சிந்தாம அவனுக்குத்தான் போவுது."

"காசு கூடத் தாரேன் பாய்."

"ஒரு சாக்கு ரெண்டு சாக்குன்னு விக்க எனக்கு அதிகாரம் இல்ல."

நான் மில்லைப் பார்த்தேன். தூள் மலை மாதிரிக் குவிந்து கிடந்தது. சாக்குகள் மடித்தபடி இருந்தன. "ஏன் பாய், இதை மூட்டை பிடிக்க ஆளில்லையா?"

"அந்தப் பய பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு லோடு ஏத்தப் போயிட்டான். அங்கன கூலி கூட. ஆள் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நான் பிடிக்கேன்."

அவர் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், காலில் கிடந்த ஷூவைப் பார்த்தார். "நீங்க வெளிநாட்டுக்காரரு மாதிரில்லா இருக்கீங்க?"

"அங்கயும் நான் மூட்டை தூக்குதவந்தான் பாய். வெங்காய மூட்டை. எனக்குக் காசு வேண்டாம். கூலியாத் தூள் குடுங்க. வேலைக்காரனுக்குக் கூலி குடுக்க உங்களுக்கு அதிகாரம் இருக்குல்லா?"

பாய் தூள் குவியலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வாய்க்குள் சிரித்தார். "ஒரு நாளைக்கு ரெண்டு சாக்கு. காலைல ஏழு மணி. தலைக்குத் துண்டு கொண்டு வாங்க, மூக்குக்கும் ஒண்ணு."

எரித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒரு பையில் கொஞ்சம் தூளும் போட்டுக் கொடுத்தார்.

6

வீட்டுக்கு நான் திரும்பியபோது சாயந்தரம் ஆகிவிட்டது. அக்கா கொல்லையில் ஈர விறகைத் தகரத்துக்குக் கீழே அடுக்கிக்கொண்டிருந்தாள். என் கையில் பெட்டி இல்லாததைப் பார்த்தாள். கேட்கவில்லை. நான் பழைய பெயிண்ட் டின் ஒன்றைக் கழுவி, உளியால் ஓட்டை போட்டு, தூளை இடிக்க ஆரம்பித்தேன். கனகா செல்போனை நீட்டிப் படம் பிடித்தாள். "மாமா, இத நான் ஸ்டேட்டஸ் போட மாட்டேன், பயப்படாதீங்க. காலேஜ்ல பாத்தா என்னைய ஓட்டுவாளுவ."

"போட்டா போடு. இங்கிலாந்து டெக்னாலஜின்னு போடு."

முதலில் புகைந்தது. அக்கா உதட்டைச் சுழித்தாள். அப்புறம் புகை அடங்கி, நடுத்துளையில் சிவந்த ஜுவாலை நின்றது. அவளே போய்ப் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து வந்து ஏற்றினாள். ஒரு தட்டு இடியாப்பம் பிழிந்து வைத்தாள். மூடியைத் திறந்து, பிய்த்து, அத்தான் கையில் கொடுத்தாள். அவர் மென்றுகொண்டே, "பழைய மாதிரியே இருக்கு" என்றார்.

"தூளு எங்கன கிடைச்சது?"

சொன்னேன். கூலியையும் சொன்னேன். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். போனவள் உடனே திரும்பி வந்தாள்.

"லீவுக்கு வந்தவன் மூட்ட பிடிக்கப் போறியாலே? தெருவில என்ன சொல்லுவாவ?"

"காசு குடுத்தா வாங்க மாட்டேங்கே. பின்ன என்னத்தத் தர?"

அவள் டின்னைப் பார்த்தபடி நின்றாள். "சீசன் முடியுத வரைக்கும் வருமா?"

"என் லீவு முடியுத வரைக்கும் வரும். நிறைய சேத்து வச்சிட்டுப் போறேன். அதுக்குப் பிறகு அத்தான் பாய்கிட்டப் பேசிக்கிடட்டும்."

"அப்ப நானும் ஒண்ணு சொல்லுதேன். அங்கன போயி நீ அந்த ஹீட்டரைப் போடணும். நான் வீடியோல பாப்பேன். உன் வாயில புகை வந்துச்சு, அன்னைக்கே தூளு எல்லாத்தையும் வாய்க்கால்ல கொட்டிருவேன்."

சரி என்றேன். அதன் பிறகுதான் அவள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

இந்த வாக்கைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். லீவு முடிந்து நான் திரும்பி வந்தபோது மீட்டர் கடனில் நின்றது. ஆளில்லாத ஆறு வாரத்துக்கும் நாள் கட்டணம் பிடித்திருக்கிறார்கள். கம்பெனிக்குப் போன் போட்டு நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள். நான் எரிக்கவே இல்லையே, எதற்குப் பணம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். இணைப்பு இருப்பதற்கு என்றாள், பொறுமையாக, இரண்டு முறை. யாழ்ப்பாணத்து அண்ணன் கடைக்குப் போய்ப் பத்து பவுண் போட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். இப்போது இதை எழுதும்போது ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. முழுதாக இல்லை, வீடியோ கால் வருகிற நேரத்துக்கும் அதற்கு முன்னால் அறை சூடாகிற அரை மணிக்கும். அது வாக்குக்குள் வருமா வராதா என்று நான் அக்காவிடம் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மில்லுக்குப் போனேன். தலையில் ஒரு துண்டு, மூக்கில் ஒரு துண்டு. ரம்பம் ஓடத் தொடங்கியதும் பேச்சு எதுவும் கேட்காது, எல்லாம் கைஜாடைதான். பாய் சாக்கின் வாயை எப்படி மடக்க வேண்டும் என்று காட்டினார். நான் அள்ளினேன், இடித்தேன், கட்டினேன். தூள் இமையில் உட்கார்ந்தது. எட்டு மணிக்குள் உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

அத்தான் குற்றாலத்திலிருந்து திரும்புகிற வழியில் மில் வாசலில் மொபெட்டை நிறுத்தினார். தூக்குச் சட்டிகள் காலி. ரம்பச் சத்தத்தில் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. நாலு விரலை விரித்துக் காட்டினார். பின்னால் தங்கையா அண்ணாச்சி கடையில் நான் வைத்துவிட்டு வந்த அட்டைப் பெட்டி கட்டியிருந்தது. இடுக்கில் ஒரு சாக்குக்கு இடம் இருந்தது. முதல் சாக்கை நான் தூக்கி வைத்து, கயிற்றை இழுத்துக் கட்டினேன். இஞ்சினைப் போடாமல், ரோட்டு இறக்கத்தில் காலை ஊன்றித் தள்ளிக்கொண்டே அவர் போனார்.

நான் உள்ளே போய் இரண்டாவது சாக்கின் வாயை விரித்தேன்.